ட்ரவுட்டுக்கு முதல் ஃப்ளை ராட்: எத்தனை வெயிட், எந்த மாதிரி ரீல்?

சுழல்நீர்:

இத்தனை வருடமாக மீன் பிடிப்பது ஸ்பின்னிங் ராடில்தான், கனமான போலி இரையை வீசுகிற தூண்டில்கோல். போன மாதம் நண்பர் ஒருவர் தன் ஃப்ளை ராடை, அதாவது பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் முள்ளை (ஃப்ளை) வீசுகிற கோலை, கையில் கொடுத்து ஒரு மாலை முழுக்க ஓடையில் நிற்க வைத்துவிட்டார். ஒன்றும் மாட்டவில்லை. ஒரே ஒரு ட்ரவுட் மீன் மேலே வந்து ஃப்ளையை மூக்கால் முட்டிப் பார்த்துவிட்டு, போடா என்பதுபோலத் திரும்பிப் போனது. அவ்வளவுதான், அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

இப்போது சொந்தமாக ஒரு செட் வாங்க வேண்டும். எங்கே படித்தாலும் 9 அடி, 5 வெயிட் என்றே போட்டிருக்கிறது. ஆனால் நான் போகிற ஓடையின் அகலம் 5, 6 மீட்டர்தான், இரண்டு பக்கமும் மரக்கிளை தலையில் இடிக்கும். கடையில் கேட்டால் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனிப்பக்கம் மட்டும் வளைகிற விறைப்பான ராட்) எடுங்கள், தூரம் போகும் என்கிறார்கள். ரீல் விஷயத்தில் இன்னும் குழப்பம். மீன் லைனை இழுக்கும்போது தட்டு உராய்வால் தடை கொடுக்கிற டிஸ்க் டிராக் வேண்டுமா, கிர்ர் என்று சத்தம் போடுகிற சாதாரண கிளிக் ரீல் போதுமா? நண்பரிடம் இருந்தது கிளிக் ரீல்தான். லைனை வேகமாக உருவினால் லைன் சுற்றிய உருளையான ஸ்பூல் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே போய் உள்ளே குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொண்டது, அதுவும் மூன்று தடவை. எளிமையான ரீல் என்றாலே இப்படித்தானா?

மரநிழல்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது ரீலின் குற்றமாக இருக்காது என்று நினைக்கிறேன். சுற்றும்போது இறுக்கமாகவும், லைனை வெளியே உருவும்போது லூசாகவும் இருந்ததா? கிளிக் ரீலில் ஸ்பூலைக் கழற்றிப் பார்த்தால் ஒரு சின்ன முக்கோண நாக்கு இருக்கும், ஒரு தகட்டு ஸ்பிரிங் அதைப் பற்சக்கரத்தின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும். பல ரீல்களில் அந்த நாக்கை எந்தப் பக்கம் வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் எந்தத் திசையில் தடை அதிகம் என்பது. யாரோ கை மாற்றிச் சுற்றுவதற்காக லைனைத் திருப்பிச் சுற்றியிருப்பார்கள், நாக்கைத் திருப்ப மறந்திருப்பார்கள். நண்பரிடம் சொல்லித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

சரி, ராட். ஸ்பின்னிங்கில் லூரின், அதாவது போலி இரையின், எடை லைனை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே தலைகீழ், ஃப்ளைக்கு எடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, லைனின் எடைதான் அதைச் சுமந்து போகிறது. ராடில் போட்டிருக்கிற 4, 5 என்ற எண் அந்த லைனின் எண்தான். லைனின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்து அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். 5 வெயிட் என்றால் 140 கிரெயின், அதாவது ஏறக்குறைய 9 கிராம். 4 வெயிட் 120 கிரெயின், 3 வெயிட் 100.

இப்போது உங்கள் ஓடைக்கு வாருங்கள். நீங்கள் வீசப்போவது அதிகம் போனால் 8 மீட்டர். அதில் லைன் முனையையும் ஃப்ளையையும் இணைக்கிற மெல்லிய நூலான லீடரே 7 முதல் 9 அடியை எடுத்துக்கொள்ளும், ராடின் நீளமும் கொஞ்சம் கழியும், ஆக ராட் நுனிக்கு வெளியே இருக்கிற லைன் பத்துப் பன்னிரண்டு அடிதான். 30 அடி எடைக்கு வளையச் செய்த ராட், அதுவும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன், அந்தக் கொஞ்ச எடைக்கு விறகுக்கட்டை மாதிரி நிற்கும். வளையாத ராடில் வீச்சு எங்கிருந்து வரும்? அதனால் நடுப்பகுதிவரை வளைகிற மீடியம் ஆக்‌ஷன், ஏழரை அடியிலிருந்து 8 அடிக்குள், 3 அல்லது 4 வெயிட். ஃபைபர்கிளாஸ் கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள், கிட்டத்து வீச்சுக்கு அவ்வளவு சுகம். 9 அடி 5 வெயிட் தப்பில்லை, அகலமான ஆறும் காற்றடிக்கிற ஏரியுமாகச் சுற்றுகிறவருக்கு அதுதான் சரி.

ரீலைப் பற்றி என் கருத்து: ஓடை ட்ரவுட்டுக்கு அது லைனைச் சுற்றி வைக்கிற ஓர் உருளை. மீன் மாட்டினால் பெரும்பாலும் இடது கையால் லைனை இழுத்துத்தான் கொண்டுவருவீர்கள், ரீலைத் தொடவே மாட்டீர்கள். அமெரிக்கரான சார்லஸ் ஆர்விஸ் 1874-ல் காப்புரிமை வாங்கிய, பக்கமெல்லாம் ஓட்டை போட்ட மெல்லிய ரீலுக்கும் இன்றைய கிளிக் ரீலுக்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை. ரீலில் மிச்சப்படுத்தி நல்ல லைன் வாங்குங்கள். மோசமான லைன் நல்ல ராடையும் கெடுக்கும்.

பாறைமேல்நிற்பவன்:

ராட் பற்றி மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ரீலில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். ஓடையில் எப்போதும் சின்ன மீன்தான் வரும் என்று யார் எழுதிக் கொடுத்தது? எனக்கு லீடரின் நுனி நூலான டிப்பெட் 6 எக்ஸ் அளவில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு கனமுள்ள நூலில், ஒரு பெரிய பிரவுன் ட்ரவுட் மாட்டி நேராகக் கீழ்நோக்கி ஓடியது. பதற்றத்தில் ரீலை உள்ளங்கையால் அழுத்தினேன், கொஞ்சம் கூடிப்போய்விட்டது, டப். நல்ல டிஸ்க் டிராக் இருந்திருந்தால் அந்தக் கை நடுக்கத்துக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் ஒன்று, டிஸ்க் என்று எழுதியிருந்தால் போதாது. ரீலைப் பிடித்துக்கொண்டு லைனை மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் அடம்பிடித்துவிட்டுச் சட்டென்று விடுகிற டிராக் மெல்லிய நூலை அந்த முதல் குலுக்கலிலேயே அறுத்துவிடும், அதற்குக் கிளிக்கே மேல்.

மரநிழல்:

மறுக்கவில்லை. ஆனால் விளிம்பை உள்ளங்கையால் தொடுவது பழக வேண்டிய விஷயம். அழுத்தவே கூடாது, தடவினால் போதும்.

நனைந்தகால்:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டது. தலையில் மணி வைத்த கனமான ஃப்ளை வீசும்போது கை தாழ்ந்தால் அது ராடில் டக் என்று அடிக்கும். அப்போது ஒன்றும் தெரியாது. எனக்கு இரண்டு வாரம் கழித்து, உள்ளங்கை அளவு மீனைத் தூக்கும்போது, நுனியிலிருந்து ஒரு சாண் கீழே படக்கென்று போனது. விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் அந்த இடத்தில் மிளகு அளவுக்குக்கூட இல்லாத ஒரு வடு. அப்புறம் நாலு துண்டு ராடில் மூட்டுகளை மணிக்கொரு தரம் இறுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், வீச வீசத் தளரும். உடைத்தே பழகியவன் சொல்கிறேன்.

சுழல்நீர்:

மரநிழல் அண்ணா, நண்பர் ரீலைத் திறந்து படம் அனுப்பினார், நீங்கள் சொன்னபடியேதான் நாக்கு மறுபக்கம் இருந்தது. திருப்பிப் போட்டாராம், இப்போது உருவினால் சிக்குவதில்லை. மூன்று வருடமாக அப்படியே ஓட்டியிருக்கிறார் மனிதர்!

ராட் 8 அடி 4 வெயிட், மீடியம் ஆக்‌ஷன் என்று முடிவு. ரீல் கிளிக்தான், பாறைமேல்நிற்பவன் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெரிய பிரவுன் மாட்டினால் உங்களிடம்தான் வந்து அழுவேன். லைனில் வெயிட் ஃபார்வர்டா (முன்பக்கம் மட்டும் கனமானது) டபுள் டேப்பரா (இரு முனையும் ஒரே மாதிரி மெலிவது)?

மரநிழல்:

உங்கள் தூரத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் 30 அடியைத் தாண்டினால்தான் தெரியும். டபுள் டேப்பர் எடுங்கள், ஒரு முனை தேய்ந்ததும் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது ஸ்பூலில் அதிக இடத்தை அடைக்கும், லைனுக்கு அடியில் சுற்றுகிற பேக்கிங் நூலைக் குறைத்துச் சுற்றுங்கள். லைன் வந்ததும் முதலில் புல்தரையில் ஃப்ளைக்குப் பதில் கம்பளி நூல் துண்டு கட்டி வீசிப் பாருங்கள். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கிற நாளில் மீன்பிடிப்பை விட்டுவிட்டு அதையே செய்யலாம்.