மெஷினில் பிரஷர் 118 காட்டுகிறது, அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார்

வடவாறு_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயது. மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் அம்மாவோடு இருக்கிறார், எனக்கு வேலை ஓசூரில். மூன்று வருடமாகக் காலையில் ஒரு அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். பொங்கலுக்குப் போனபோது பிபி மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதுவே வினையாகப் போய்விட்டது. தினமும் பார்க்கிறார், 116, 118, 120 என்றே காட்டியிருக்கிறது. "அதான் சரியாயிடுச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார்.

இன்றோடு பன்னிரண்டு நாள். முதல் வாரம் முழுக்க 120-ஐத் தாண்டவே இல்லையாம். நேற்று 128/80. அதை போட்டோ எடுத்து எனக்கே அனுப்பி, "பாத்துக்க" என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியப்பா வேறு, பிரஷர் மாத்திரையை வருடக்கணக்கில் தின்றால் கிட்னி போய்விடும் என்று சொல்லி வைத்திருக்கிறார். சமையலில் இந்துப்புக்கு மாறியாயிற்று.

மாத்திரை இல்லாமலே 128 என்றால் நிஜமாகவே சரியாகிவிட்டதா? கிட்னி விஷயம் உண்மையா? போனில் பேசினாலே சண்டையாகிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முருங்கை_ரசிகன்:

என் அனுபவம் சொல்கிறேன் நண்பரே. ஆறு மாதமாக மாத்திரை இல்லை. காலையில் முருங்கைக்கீரை சூப், இரவு பூண்டுப் பால், அவ்வளவுதான். நன்றாக இருக்கிறேன். இந்த மாத்திரை ஒருமுறை பிடித்தால் ஆளை விடாது. அப்பா செய்தது சரிதான்.

நாகை_அக்கா:

தம்பி, என் மாமனாரும் இப்படித்தான் "நல்லா இருக்கேன்" என்று நிறுத்தினார். எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது, பேச்சும் குழறியது. இன்றைக்கும் வலது கையால் சோறு பிசைய முடியாது. பயமுறுத்தச் சொல்லவில்லை. டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

ஊசி_போடாத_டாக்டர்:

தம்பி, 26 வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். முதல் ஒன்பது வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், இப்போது புதுக்கோட்டைப் பக்கம் சொந்தக் கிளினிக். வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது உங்கள் அப்பா சொன்ன அதே வாக்கியத்தோடு வந்து உட்காருவார்கள், அதனால் அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

உங்கள் ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். பம்புசெட் ஓடியதால் வயலில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர்தான் நிற்கிறதே என்று மோட்டாரை நிறுத்தினால் அன்று சாயங்காலமே வயல் காய்ந்துவிடுமா? காயாது. அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகப் போகிற மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும், முழுக்க வெளியேற ஒரு வாரம் பத்து நாள் பிடிக்கும். முதல் வாரம் அவர் பார்த்த 120 போட்டு வைத்த மாத்திரையின் மிச்சம். இப்போது 128-க்கு வந்திருக்கிறது என்றால் ஏற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த 128-ஐயும் நான் அப்படியே நம்பமாட்டேன். அப்பா எப்படி உட்கார்ந்து பார்க்கிறார்? நோட்டில் அழகாக எழுதிக்கொண்டு வருபவர்களிடம் "வீட்ல எப்படிப் பாப்பீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க" என்பேன். அப்போதுதான் கதை வெளியே வரும். ஒரு அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையைத் தொங்கவிட்டு, பட்டன் அமுக்கின கையோடு மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 160 காட்டாமல் என்ன செய்யும்?

முதுகு சாய்கிற நாற்காலியில், காலைக் குறுக்கே போடாமல், பாதம் இரண்டும் தரையில் பதிய உட்கார வேண்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டையைக் கட்டக்கூடாது, வெறும் தோலில் கட்ட வேண்டும். கை மேசை மேல், பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வர வேண்டும். காப்பியோ பீடியோ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக்கூடாது. ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்துச் சராசரி எழுதச் சொல்லுங்கள். காலையும் மாலையும் ஒரு வாரம் இப்படி. வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85-ஐத் தொட்டால் அது பிரஷர்தான். கிளினிக்கில்தான் 140/90 கணக்கு.

இந்துப்பு. ஐயோ, இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அதுவும் சோடியம் குளோரைடுதான் தம்பி. நிறம்தான் வேறு. எந்த உப்பானாலும் ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் அதில் சேர்த்திதான்.

மாத்திரையை ஒருபோதும் குறைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. எடையும் உப்பும் குறைந்து, குடியையும் விட்டவர்களுக்கு நானே அளவைக் குறைத்திருக்கிறேன், சிலருக்கு நிறுத்தியும் இருக்கிறேன். ஆனால் மாதாமாதம் வரவழைத்துப் பார்த்துக்கொண்டே செய்தேன்.

முருங்கை நண்பருக்கு: கீரை நல்லதுதான், தாராளமாகக் குடியுங்கள். "நன்றாக இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, எண் எழுதவில்லையே. தலைவலியோ மயக்கமோ இல்லாமலே 170 வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

கிட்னி விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அப்பாவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள், போனில் வேண்டாம், நேரில். சாயங்காலம் கால் வீங்குகிறதா? மூட்டுவலி, முதுகுவலி என்று மெடிக்கலில் வாங்கி ஏதாவது போடுகிறாரா?

வடவாறு_பையன் (ஐந்து நாள் கழித்து):

டாக்டர், சனி ஞாயிறு ஊருக்குப் போய்விட்டு வந்தேன். "எப்படிப் பாக்கறீங்க, காட்டுங்கப்பா" என்றேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பட்டை கட்டின கையைத் தூக்கி, தாத்தா காலத்துத் தேக்குக் கட்டிலில், மெத்தைக்கு மேல் வைத்தார். மெஷினும் கட்டில் மேலேயே. மெத்தை அவர் தோள் உயரத்துக்கு இருக்கிறது! இவ்வளவு நாளும் இப்படித்தானாம்.

சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொன்ன மாதிரி உட்கார வைத்துப் பார்த்தேன். 148/92, அடுத்தது 144/90. அப்பா முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "மேசைல வச்சா ஏறுது போல" என்றார்.

கால் விஷயம் நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நாலு மாதமாக வீங்கியிருக்கிறது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் பள்ளமாகத் தெரிந்ததாம். அதைப் பார்த்துத்தான் பெரியப்பா "கிட்னி போச்சுடா" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் பயந்துபோய் நிறுத்தியிருக்கிறார். 118 எல்லாம் எங்களுக்குச் சொன்ன சாக்கு. நிறுத்தின பிறகு வீக்கம் வற்றிவிட்டதால் இன்னும் உறுதியாகிவிட்டது அவருக்கு.

முழங்கால் வலிக்கு மாத்திரையும் போடுகிறார். டைக்ளோஃபெனாக் என்று அட்டையில் இருக்கிறது. நடவு நேரத்தில் தினமும் இரண்டு, மற்ற நாளில் ஒன்று.

ஊசி_போடாத_டாக்டர்:

நான் கண்டுபிடிக்கவில்லை தம்பி, பலபேர் பட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மாத்திரையை நிறுத்துகிறவர் சொல்கிற காரணம் ஒன்று, மனதில் இருக்கிற காரணம் வேறு. டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று வராமலே இருந்துவிடுவார்கள். அந்தத் தப்பில் எங்களுக்கும் பங்குண்டு. மாத்திரை எழுதும் அன்றைக்கே "கால் வீங்கலாம், வீங்கினால் வந்து சொல்லுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. நானும் ஆரம்ப காலத்தில் சொன்னதில்லை.

அம்லோடிபின் சிறு ரத்தக் குழாய்களை விரிக்கிறது. பிரஷர் குறைவது அதனால்தான். அதே காரணத்தால் சிலருக்குக் கணுக்கால் பக்கம் நீர் கசிந்து தங்கும். காலையில் குறைவாகவும் பொழுது சாயச் சாய அதிகமாகவும் இருக்கும், மருந்தை நிறுத்தினால் வற்றிவிடும். இது கிட்னி பழுதின் அடையாளம் அல்ல. ஆனால் கிட்னி, இதயக் கோளாறுகளிலும் கால் வீங்கும், அதனால் சோதித்துப் பார்த்துவிடுவதுதான் முறை.

கட்டில் கணக்கு: கை நெஞ்சு மட்டத்துக்கு ஒரு சாண் மேலே போனால் அளவு சுமாராக 15 குறைத்துக் காட்டும். உங்கள் எண்களைக் கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய சரியாக வரும். மெஷின் பொய் சொல்லவில்லை, அதைத் திட்ட வேண்டாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த வலி மாத்திரைதான். கிட்னிக்குப் பயந்து பிரஷர் மாத்திரையை விட்டவர், கிட்னியை நிஜமாகவே கெடுக்கக்கூடியதைத் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறார். டைக்ளோஃபெனாக் பிரஷரையும் ஏற்றும், வயிற்றையும் புண்ணாக்கும். வெயிலில் வயலில் நின்று, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் போட்டால் கிட்னிக்கு இன்னும் கெடுதல். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். முழங்காலுக்கு என்ன செய்யலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள், தடவுகிற மருந்து, தொடைத் தசைக்குப் பயிற்சி என்று வழி இருக்கிறது. பெரியப்பாவிடமும் சொல்லுங்கள், கட்டுப்படாத பிரஷர்தான் வருடக்கணக்கில் கிட்னியை அரிக்கும்.

இந்த வாரத்துக்குள் மாத்திரை எழுதிய டாக்டரிடமே கூட்டிப் போங்கள். நிறுத்தியதை மறைக்க வேண்டாம், கால் வீங்கியதையும் சொல்லுங்கள். கால் வீங்காத வேறு வகை மாத்திரைகள் இருக்கின்றன, எது என்று நேரில் பார்க்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை), பொட்டாசியம், சிறுநீரில் புரதம், சுகர், ஒரு ஈசிஜி, இவ்வளவு பார்த்தால் போதும். செலவு பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

நடுவில் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

முருங்கை_ரசிகன்:

டாக்டரம்மா சொன்னதால் மெடிக்கலில் போய்ப் பார்த்தேன். 158/96. மேசையில் கை வைத்துத்தான். நாளைக்கு டாக்டரிடம் போகிறேன். சூப்பை விடமாட்டேன்.

ஊசி_போடாத_டாக்டர்:

விட வேண்டாம். அதில் உப்பு எவ்வளவு போடுகிறீர்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

வடவாறு_பையன் (இரண்டு வாரம் கழித்து):

டாக்டர், கிரியேட்டினின் 0.9, சரியான அளவுதான். சிறுநீரில் புரதம் இல்லை. சுகரும் ஈசிஜியும் சரி. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அப்பா நேராகப் பெரியப்பா வீட்டுக்குத்தான் போனாராம். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், பத்து நாளில் 132/84-க்கு வந்திருக்கிறது, மேசையில்தான் பார்க்கிறார். முழங்காலுக்கு பாராசிட்டமால், அதுவும் வலி அதிகமான நாளில் மட்டும். அம்மா ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு உண்டா இல்லையா என்று உங்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார் அப்பா.

ஊசி_போடாத_டாக்டர்:

மாதத்துக்கு ஒரு தடவை. வெந்நீரில் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை அலசி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல். ஜாடி பரணிலேயே இருக்கட்டும்.