பாதியில் நின்ற பி.டி. படிப்பைத் தொடர வழி தேவை

மூணாறு எஸ்டேட் சபையில் ஊழியம் செய்யும் நான், இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டுடன் இணைந்த ஓர் இறையியல் கல்லூரியில் 2022-இல் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) சேர்ந்து, நான்கு ஆண்டுப் படிப்பில் இரண்டை முடித்த நிலையில், அப்பாவின் டயாலிசிஸ் செலவால் நின்றுவிட்டேன். எபிரெய வினைச்சொற்களை எழுதிப் பழகிய நோட்டை, லயத்து வீட்டில் விடியற்காலைகளில் இன்றும் புரட்டுகிறேன். தமிழிலேயே பாடம் நடக்கும் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் சேர விரும்புகிறேன். பழைய கல்லூரிக்கு நான்கு மின்னஞ்சல்கள் அனுப்பி, மார்ச்சில் நேரிலும் சென்றேன். மதிப்பெண் பட்டியல் தந்தார்கள், மாற்றுச் சான்றிதழ் தரவில்லை. பேராயரின் பரிந்துரைக் கடிதம் கையில் உள்ளது. இப்படி இடையில் நின்று வேறொரு செராம்பூர் கல்லூரியில் தொடர்ந்தவர்கள், மாற்றுச் சான்றிதழுக்காக அடுத்து யாரிடம் விண்ணப்பித்தீர்கள்?