[கலைச்சொல்] ‘எலக்ட்ரானிக் காஸ்டிங் மெஷின்’: தமிழில் என்ன சொல்லலாம்?

ம. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மேசைமேல் வைத்துக்கொள்ளும் அளவில், உதிரிகளாக வந்து நாமே பூட்டிக்கொள்ளும் எந்திரம். மெழுகில் செதுக்கிய அல்லது முப்பரிமாண அச்சில் எடுத்த சின்ன உருவங்களை வெள்ளியிலும் வெண்கலத்திலும் வார்த்தெடுக்கலாம். ஆர்வலர்கள் பலர் முன்பணம் போட்டு உருவாகிற திட்டம். வெள்ளிக்கிழமைக்குள் தமிழ்க் கோப்பு போயாக வேண்டும்.

தலைப்பிலேயே நிற்கிறேன். எந்திர மொழிபெயர்ப்பைக் கேட்டால் ‘மின்னணு நடிகர் தேர்வு இயந்திரம்’ என்கிறது. ‘கிரவுட் ஃபண்டிங்’, ‘டூ இட் யுவர்செல்ஃப்’ இரண்டுக்கும் சொல் வேண்டும். தலைப்புதான் முதல் அவசரம்.

ம.

இரா. எழுதியது:

அன்புள்ள ம. அவர்களுக்கு,

‘வார்’ என்ற வேர் கையில் இருக்கக் கவலை எதற்கு? எண்ணெய் வார்க்கிறோம், தாரை வார்க்கிறோம். வார்ப்பிரும்பும் வார்ப்படமும் வழக்கில் உள்ளவை. கருவிப்பொருள் விகுதியான இகரத்தைச் சேருங்கள்: வார்ப்பி. மண்வெட்டியைப் போல. முன்னால் ‘மின்’. மின்வார்ப்பி. வேலை முடிந்தது.

இந்தத் தொழில் நமக்குப் புதிதும் அல்ல. குறுந்தொகை 155-ஆம் பாட்டில் ‘மெழுகான் றூதுலைப் பெய்த பகுவாய்த் தெண்மணி’ என்று வருகிறது. மெழுகால் கரு அமைத்து வார்த்த மணி என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. உங்கள் எந்திரம் செய்யப்போவதும் அதேதான். அங்கே வினை ‘பெய்’ என்பதைக் கவனியுங்கள். ‘பெய்பொறி’ என்றும் ஆக்கலாம், ஆனால் மழைக் கருவி என்று நினைத்துவிடுவார்கள்.

ஆங்கிலத்து ‘வாட்டர்’ நம் ‘வார்’ என்பதிலிருந்து போனது என்பது என் சொந்த ஊகம், மொழியியலார் ஏற்பதில்லை. அதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
இரா.

த. எழுதியது:

இரா. ஐயா, தனி இழை வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சென்ற முறை ‘வாளி’ பட்ட பாடு போதும்.

‘வார்ப்பி’யில் எனக்கு இலக்கணத் தடை உண்டு. மண்வெட்டியில் இருப்பது வெட்டு + இ. அதே வழியில் வார் + இ என்றால் ‘வாரி’தான் வரும். அதற்குக் கடல் முதல் வருவாய் வரை ஏற்கெனவே ஏகப்பட்ட பொருள். ‘வார்ப்பி’ என்று எழுதினால் கற்பி, நடப்பி போலப் பிறவினை ஏவலாகத்தான் என் காதில் விழுகிறது. “டேய், அவனை வார்ப்பி!” என்று யாரோ அதட்டுவது மாதிரி.

இன்னொன்று. இகர விகுதி கருவிக்கு மட்டும் சொந்தமில்லை. ‘சேர்ந்தாரைக்கொல்லி’யில் வினைமுதல், ‘ஊருணி’யில் செயப்படுபொருள். ஊரார் உண்பது ஊருணி என்றால், வார்க்கப்பட்டதை வார்ப்பி என்று ஒரு மாணவன் வாதிட்டால் நான் என்ன மதிப்பெண் போடுவது?

த.

இரா. எழுதியது:

> பிறவினை ஏவலாகத்தான் என் காதில் விழுகிறது

வேற்றுமை உருபை ஏற்ற பின்னும் ஏவலாக விழுமா? ‘வார்ப்பியைத் திற’, ‘வார்ப்பியில் வை’. சொல் தனியாக நிற்கும்போது மயங்கும், தொடரில் தெளியும். ‘படி’, ‘ஆறு’, ‘மாலை’ எல்லாவற்றோடும் குடித்தனம் நடத்துகிறோமே. ‘கடிசொல் இல்லை காலத்துப் படினே’, அதாவது காலப்போக்கில் வழக்குக்கு வரும் சொல்லை விலக்க வேண்டியதில்லை என்று தொல்காப்பிய எச்சவியலில் சொன்னவர் உங்களை நினைத்துத்தான் சொன்னார் போலும்.

இரா.

செ. எழுதியது:

மன்னிக்கவும், இடையில் புகுகிறேன். நான் இந்த வேலையைக் கையால் செய்கிறவன். இலக்கணத்தில் எனக்குக் கருத்து இல்லை, ஆனால் கையேட்டை நம்பி யாராவது உருகிய வெள்ளியைக் கையாளப்போகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

வெள்ளி உருகுவது ஏறத்தாழ 962 பாகை செல்சியசில். மெழுகு உருவைச் சுற்றி ஊற்றிய சாந்து இறுகியதும், அதைச் சூளையில் வைத்து 730 பாகை வரை மெல்ல ஏற்றி மெழுகை எரித்துப் போக்குவோம். அப்புறம் 500 பாகை அளவுக்கு இறக்கி, அந்தச் சூட்டிலேயே எந்திரத்தில் பொருத்தி உலோகத்தை ஊற்றுவோம். அடியில் வெற்றிடப் பம்பு இழுக்கும், இண்டு இடுக்கெல்லாம் உலோகம் நிறையும். சாந்தில் ஈரம் மிச்சமிருந்தால் போச்சு. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். அது வெளியேற வழி தேடும்போது உலோகத்தையும் கூட்டிக்கொண்டு வரும், நேரே முகத்துக்கு.

இப்போது ம. அவர்கள் நேற்று எனக்கு அனுப்பிய முதல் வரைவிலிருந்து ஒரு வரி:

> வார்ப்பு 500 பாகைக்கு இறங்கியதும் வார்ப்பை வார்ப்பில் பொருத்தி வார்ப்பைத் தொடங்கவும்.

எந்த வார்ப்பு? செயல், பொருள், அச்சு, எந்திரம் நான்கும் நான்கு சொல்லாக இருக்க வேண்டும். அழகு இரண்டாம் பட்சம்.

அப்புறம், ‘மின்வார்ப்பு’ என்பது வேறொரு வேலைக்கு வேண்டிய சொல். கரைசலில் மின்னோட்டம் விட்டு, ஓர் உருவின்மேல் உலோகத்தைப் படியவைத்து அப்படியே கழற்றி எடுப்பார்கள். அதில் உருக்கலே கிடையாது. அதையும் இதையும் ஒரே பெயரில் அழைத்தால் இரண்டு கூட்டமும் குழம்பும்.

செ.

ம. எழுதியது:

செ. அவர்களே, அந்த வரி வரைவு என்று அடிக்கோடிட்டுத்தான் அனுப்பினேன்! ஆனால் சொல்ல வருவது சரி. எனவே: செயல் வார்த்தல். விளைபொருள் வார்ப்பு. சாந்து அச்சு வார்ப்பச்சு. உருக்கும் கலத்துக்கு மூசை இருக்கிறது. யாருக்கும் மறுப்பு இல்லையே?

த. எழுதியது:

மூசை வடசொல் ‘மூஷா’விலிருந்து வந்தது என்று இரா. ஐயா சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ‘வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ’ வந்துவிட்ட சொல், இருக்கட்டும்.

இரா. எழுதியது:

‘குகை’ என்ற சொல்லும் அந்தக் கலத்துக்கு உண்டு. மூசையை எதிர்க்கவில்லை, பதிவுக்காகச் சொன்னேன்.

ந. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பிந்தி வாறன்.

‘மின்னணு’ என்று எழுதப்போறியள் போலக் கிடக்கு. எங்கட பாடப் புத்தகங்களில ‘இலத்திரனியல்’ எண்டுதான் படிச்சனாங்கள். கையேடு தமிழில எண்டால் எங்களுக்கும் சேர்த்துத்தானே? மின்னுக்கு அணு எங்க இருக்கு? அணுவுக்குள்ள இருக்கிற துணிக்கைக்கு அணு எண்டே பேர் வைச்சது எந்த நியாயம்?

த. எழுதியது:

ந. சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ‘இலத்திரன்’ ஒலிபெயர்ப்பு. ‘மின்னணு’ பிழையான தமிழ், ‘இலத்திரன்’ சரியான கிரேக்கம். எதை எடுப்பது?

முதலில் அந்த அடை தேவையா என்று கேட்கிறேன். மின்சாரத்தில் சூடாவது எல்லாம் மின்னணுவா? மின் அடுப்பை அப்படிச் சொல்கிறோமா?

செ. எழுதியது:

இந்த எந்திரத்தில் தேவை. வெறும் கம்பிச்சுருள் சூடாகும் உலை என்றால் ‘மின்’ போதும். இது தூண்டல் முறை. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 சுற்று. டிரான்சிஸ்டர் பலகை அதைப் பல்லாயிரம் சுற்றாக்கிச் செப்புச் சுருளுக்குள் அனுப்பும். சுருளின் நடுவில் இருக்கும் கிராஃபைட் மூசையில் சுழல் மின்னோட்டம் எழுந்து அது தானாகக் காயும். செப்புக் குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதால் சுருள் வெதுவெதுப்பாக நிற்கும், இரண்டு விரல் தள்ளி மூசை ஆரஞ்சு நிறத்தில் தகிக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் எது சூடு என்றே தெரியாமல் கையை நீட்டுவார்கள். வெப்பமின்னிரட்டை சூட்டை அளந்து சொல்ல, நுண்கட்டுப்படுத்தி திறனைக் கூட்டிக் குறைக்கும். ஆக, அந்த அடை விளம்பரத்துக்காக ஒட்டியது இல்லை.

மின்னணுவா இலத்திரனியலா என்பதில் எனக்கு வாக்கு இல்லை.

ந. எழுதியது:

கையேட்டில முதல் பக்கத்தில ஒரு சொற்பட்டியல் போட்டு இரண்டையும் பக்கத்தில பக்கத்தில போடுங்கோ. அதுக்கு மேல நான் சண்டை பிடிக்கேல்ல. ஆனா உடன்பட்டன் எண்டும் எழுத வேண்டாம்.

ம. எழுதியது:

போட்டுவிடுகிறேன். மற்ற இரண்டு சொல்? ‘கூட்டுநிதி’ என்று வைத்திருக்கிறேன். ‘திரள்நிதி’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார்.

இரா. எழுதியது:

‘மொய்’ என்று ஒரு சொல் இருக்க இவ்வளவு தேடலா? மொய்த்தல் கூடுதல், நெருங்குதல். பழைய வழக்கில் மொய் என்றாலே கூட்டம். பலர் கூடித் தரும் பணத்துக்கும் அதுவே பெயர். கூட்டம், பணம் இரண்டும் ஒரே சொல்லில். ஆங்கிலத்துக்குக்கூட இந்த வசதி கிடையாது.

த. எழுதியது:

உண்மையில் அருமையான சொல், ஐயா. அதனால்தான் பயன்படாது. ‘இந்த எந்திரத்துக்கு மொய் எழுதுங்கள்’ என்று தலைப்பில் கண்டால் சிரித்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுவார்கள்.

திரள்நிதிக்கு என் வாக்கு. கூட்டுநிதி என்றால் நாலு பங்காளிகள் தொழில் தொடங்கியதாகத் தோன்றுகிறது. ‘தற்செய்’, ‘கைச்செய்’ என்றெல்லாம் யாரும் கிளம்புமுன், ‘நீங்களே பூட்டிக்கொள்ளும்’ என்று எழுதிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு சொல் இருந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

ம. எழுதியது:

நன்றி. கோப்பை இன்றிரவு அனுப்ப வேண்டும். தலைப்புக்கு வந்த கருத்துகளை வைத்துப் பார்த்தால் ‘மின்னணு வார்ப்புப் பொறி’ என்பதே பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது. செ., த. இருவரும் சரி என்கிறார்கள், ந. பட்டியலோடு பொறுத்துக்கொள்கிறார். இரா. ஐயா மட்டும் வார்ப்பியில் நிற்கிறார். எதையாவது வைத்து அனுப்புங்கள் என்று இரண்டு தனிமடல்கள் வந்தன. அவற்றையும் ஆதரவாகவே எடுத்துக்கொண்டேன்.

உள்ளே ஒவ்வொரு இடத்திலும் முழுப்பெயர் எழுதினால் பக்கம் நிரம்பிவிடும். அதனால் தலைப்பில் முழுப்பெயர், உள்ளே வெறும் ‘பொறி’.

இரா. எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன். கருத்து மாறவில்லை. பொறி என்றால் எந்திரம், எலி பிடிப்பது, புலன், நெருப்புத் துளி, எல்லாம்தான். ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்ற இடத்தில் யாரும் எந்திரத்தை அணைக்கவில்லை. உங்கள் கையேட்டில் நெருப்புத் துளி வராதா என்று மட்டும் பாருங்கள்.

செ. எழுதியது:

வருகிறது. பாதுகாப்புப் பக்கத்தில், மூன்றாம் எச்சரிக்கை:

> பொறி பறந்தால் உடனே பொறியை அணைக்கவும்.

ம. எழுதியது:

பார்த்தேன். ‘தீப்பொறி பறந்தால் உடனே எந்திரத்தின் மின்னிணைப்பைத் துண்டிக்கவும்’ என்று மாற்றிவிட்டேன். அந்தப் பக்கம் முழுக்க ‘எந்திரம்’ என்றே இருக்கும். தலைப்பு அட்டை வடிவமைப்புக்குப் போய்விட்டது, இனி அதைத் தொட முடியாது.

த. எழுதியது:

ஒரே கையேட்டில் பொறியும் எந்திரமுமா? சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

இரா. எழுதியது:

‘வார்ப்பியை அணைக்கவும்’ என்று எழுதியிருந்தால் இந்தத் திருத்தமே வேண்டியிருக்காது. இரண்டாம் பதிப்பு வரும்போது சொல்லுங்கள்.

‘வாட்டர்’ பற்றிய மடலை நாளை காலை அனுப்புகிறேன்.

இரா.