ரீஃப் டேங்கில் இரவில் வெளிவரும் பிரிஸ்டில் புழுக்கள்: எதைப் பிடிக்கணும், எதை விடலாம்?

உப்புநீர் கேட்டது:

200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), கீழே சம்ப் (வடிகட்டும் துணைத் தொட்டி). விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால் லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறை) இடுக்குகளிலிருந்து இளஞ்சிவப்புப் புழுக்கள் தலைநீட்டுகின்றன. பெரும்பாலும் 3 முதல் 5 செ.மீ., உடம்பின் இரு பக்கமும் வெள்ளை முடி. செத்துக் கிடந்த டர்போ நத்தையின் ஓட்டுக்குள்ளும் கூட்டமாக இருந்தன. பக்கத்துப் பாறையில் ஸோவாந்தஸ் (பவளத்துக்கு உறவான, பூப்போல் விரியும் உயிர்) திறக்கவே இல்லை. நத்தையைக் கொன்றது இவைதானா? ஃபயர்வோர்ம் என்றால் எப்படித் தெரியும்? ஒரேயடியாக ஒழிக்க மருந்து உண்டா?

பவளத்திட்டு:

நத்தையை இவை கொன்றிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உயிரோடு இருக்கும் டர்போ மூடியை இறுக்கிக்கொண்டால் இந்தப் புழுவால் ஒன்றும் செய்ய முடியாது. செத்ததும் வாசனை பிடித்து வருகின்றன, அவ்வளவுதான். அவை அந்தச் சதையைத் தின்று தீர்க்காவிட்டால் அது அழுகி அம்மோனியா ஆகியிருக்கும்.

அடையாளம் காண, முடியின் நிறத்தைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள். சிவப்பு செல்லோபேன் தாளை டார்ச் மேல் சுற்றினால் சட்டென்று உள்ளே ஓடாது, நிதானமாகப் பார்க்கலாம். நீங்கள் சொல்வது யூரித்தோ வகையாகத் தெரிகிறது: ஒல்லியான உடம்பு, ஒவ்வொரு வளையத்திலும் இருபக்கமும் வெள்ளைக் குச்சம், தலையில் எடுப்பாக எதுவும் இருக்காது. கழிவு தின்னும் சாது. பவளம் தின்னும் ஹெர்மோடிஸ், அதாவது தாடி ஃபயர்வோர்ம், பருமனானது. 15 செ.மீ.யைச் சாதாரணமாகத் தாண்டும். தலைக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக ஒரு சதைக்கொண்டை, முடிக்குச்சங்களின் அடியில் கிளை கிளையாகச் சிவந்த செவுள் இருக்கும். பவளக் கிளையின் நுனியை அப்படியே வாய்க்குள் இழுத்துச் சதையை உரித்துவிடும், நுனி மட்டும் வெள்ளை எலும்பாக நிற்கும். இது அட்லாண்டிக், கரீபியன், மத்தியதரைக் கடல் பக்கத்துப் புழு. உங்கள் பாறை இந்தோ-பசிபிக் என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் வேண்டாம்.

ஸோவாந்தஸ் மூடிக் கிடப்பதற்கு முதலில் வேறு காரணம் தேடுங்கள். உப்படர்த்தி, ஆல்கலினிட்டி (நீரின் அமிலம் தாங்கும் திறன்) இரண்டையும் அளந்துவிட்டு, இரவில் பாலிப்புகளின் அடித்தண்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸோவாந்தஸ் நிறத்திலேயே இருக்கும் நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), அல்லது கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சன்டயல் நத்தை அங்கேதான் ஒளியும்.

சம்ப்வாசி:

எண்ணிக்கை ஏறுகிறது என்றால் தொட்டியில் தீனி மிஞ்சுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் எத்தனை பிடித்தாலும் திரும்ப நிரம்பிவிடும். உறைந்த தீனியைக் கரைத்து, வலையில் வடித்து, அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு போதும். வாரம் ஒருமுறை பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த நீர் பீய்ச்சும் குழாய்) பாறை இடுக்குகளை ஊதி, கிளம்பும் தூசியை ஃபில்டர் சாக்கில் பிடியுங்கள். சாக்கை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அதே கழிவு அங்கேயே கரைந்து நைட்ரேட் ஆகும். தீனியைக் குறைத்ததும் பசியில் பகலிலும் புழு வெளியே வரும். பெருகிவிட்டது என்று பதறாதீர்கள், பிறகுதான் குறையும்.

உடனே கொஞ்சம் குறைக்க ஒரு பொறி: 20 மி.மீ. பிவிசி குழாய் 12 செ.மீ., இரு முனையிலும் மூடி, ஒவ்வொரு மூடியிலும் 5 மி.மீ. துளை. உள்ளே பச்சை இறால் துண்டை நைலான் ஸ்டாக்கிங்கில் முடிந்து வையுங்கள். முடிகள் அந்த வலையில் சிக்கிக்கொள்வதால் புழு எளிதில் கழன்று போகாது. துளையைப் பெரிதாகப் போட்டால் ஹெர்மிட் நண்டு புகுந்து இறாலைத் தீர்த்துவிடும். விளக்கு அணைந்ததும் பாறையை ஒட்டிக் கிடத்தி, இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். விடியும்வரை விட்டால் தின்றுவிட்டு வெளியேறிவிடும், மிச்ச இறாலும் அழுகும்.

இடுக்கியால் பிடித்துப் பாதியில் இழுத்து அறுக்காதீர்கள். யூரித்தோ துண்டான உடம்பிலிருந்து மீண்டும் வளரும், அது இனம் பெருக்கும் வழிகளில் ஒன்றே அதுதான்.

சிக்ஸ்லைன் ராஸ் மீன், ஆரோ நண்டு, கோரல் பேண்டட் இறால் எல்லாம் சின்னப் புழுவைத் தின்னும். ஆனால் சிக்ஸ்லைன் பின்னால் வரும் மீன்களை விரட்டும், ஆரோ நண்டு ஃபெதர் டஸ்டரையும் (குழாய்க்குள் வாழும் விசிறிப் புழு) விடாது. புழுவுக்காக மட்டும் இவற்றை வாங்க நான் சொல்லமாட்டேன்.

உப்புநீர்:

நன்றி. ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தைப் போட்டால் மொத்தமும் போய்விடும் என்கிறார்களே? நேற்றிரவு இன்னொன்றும் தெரிந்தது: பழுப்பு உடம்பு, வானவில் மினுக்கம், வெளிச்சம் பட்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரே துளைக்குள் போய்விட்டது.

பவளத்திட்டு:

ஃபென்பெண்டசோல் வேண்டவே வேண்டாம். பாறைக்குள் ஊறித் தங்கி, பிறகு விடும் நத்தைகளையும் கொல்லும். அதோடு கண்ணில் படும் புழுவைவிடப் பாறைக்குள் இருப்பது பல மடங்கு. அத்தனையும் ஒரே நேரத்தில் செத்தால் அம்மோனியா எகிறி, ஆக்சிஜன் இறங்கி, மீனும் பவளமும் சேர்ந்தே போகும்.

பழுப்புப் புழு யூனிஸ் வகையாக இருக்கலாம். தலையில் ஐந்து உணர்கொம்புகள் தெரிந்தால் உறுதி. பெரிய வேட்டைப் புழுவான பாபிட் புழு இந்தக் குடும்பம்தான். ஆனால் யூனிஸ் எல்லாமே பவளம் தின்னாது. விரலளவுதான், பவளத்தில் கடித்த அடையாளமும் இல்லை என்றால் கவனித்தபடி விடலாம். பெரிதாக இருந்தாலோ மென்பவளம் துண்டு துண்டாகக் குறைந்தாலோ எடுத்தே ஆகவேண்டும்.

சம்ப்வாசி:

எடுப்பதென்றால், எந்தத் துளை என்று இரவில் குறித்து வைத்து, பகலில் அது உள்ளே இருக்கும்போது அந்தப் பாறையை மட்டும் வாளிக்கு மாற்றுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் 10 மி.லி. சுவையில்லாத சோடா நீரைத் துளைக்குள் மெல்லச் செலுத்துங்கள். மறுபக்கத் துளை வழியாகத் தப்பிக்கப் பார்க்கும், இரு பக்கமும் கண் வையுங்கள். டேங்குக்குள்ளேயே செய்தால் பிஎச் சரியும், செய்யாதீர்கள். புழு முழுதாக வந்ததா என்று தலையும் வாலும் பார்த்து உறுதிசெய்து, பாறையை டேங்க் நீரில் அலசித் திரும்ப வையுங்கள்.

கை விடுமுன் தடிமனான ரப்பர் உறை போடுங்கள், மெல்லிய உறையை பிரிஸ்டில் முடி துளைக்கும். குத்திவிட்டால் தேய்க்காமல் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்தெடுங்கள். முடி சுண்ணாம்பால் ஆனது என்பதால் பிறகு வினிகர் தடவலாம். வீக்கம் பரவினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.