‘மேப்பிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் தேவை)

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்செவியில் மின்முனைகளை வைத்துக் கேட்க வைக்கும் கருவி) பொருத்திய குழந்தைகளின் பெற்றோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உள்வைப்பு, மின்முனை, வெளிக்கருவி என்று மற்ற சொற்களெல்லாம் முடிந்தன. கருவியின் மின்னோட்ட அளவுகளைக் குழந்தைக்கு ஏற்றபடி அமைக்கும் ‘மேப்பிங்’ மட்டும் பாக்கி. ‘வரைபடமாக்கல்’ என்று போட்டால் ஏதோ ஸ்கேன் என்று நினைத்துவிடுவார்கள்.

கேட்பியல் வல்லுநர்:
செய்வது என்ன என்று சொல்லிவிடுகிறேன். முதலில் ஒவ்வொரு மின்முனையின் மின்தடையையும் பார்ப்போம். அறுந்ததையும் ஒன்றோடொன்று ஒட்டியதையும் அணைத்துவிடுவோம். மீதமுள்ள ஒவ்வொன்றுக்கும் (கம்பெனியைப் பொறுத்து மொத்தம் 12, 16 அல்லது 22) இரண்டு அளவுகள் வேண்டும். ஒலி தட்டுப்படத் தொடங்கும் மின்னோட்டம் கீழளவு. உறுத்தாமல் தாங்கும் உச்சம் மேலளவு. மைக்கில் விழும் பேச்சு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் அடங்கியாக வேண்டும். மேலளவு கூடினால் குழந்தை கண்ணை இறுக்கி மூடும், சிலருக்கு முகத்தசை துடிக்கும், தலையில் ஒட்டியிருக்கும் காயிலைப் பிடுங்கிப் போடும். குறைந்தால் பேச்சு மங்கும். காக்ளியாவின் (உட்செவியின் நத்தைச் சுருள்) வாசல் பக்கத்து முனைகளில் குறைந்தால் ‘ஸ’ போன்ற ஒலிகள் போய்விடும். முதல் சில மாதங்கள் அளவுகள் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறோம்.

தமிழாசிரியர்:
சொல் கைவசம் இருக்கிறது: ‘பண்ணல்’. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் “பண்ணல் பரிவட்டணை ஆராய்தல் தைவரல்” என்று தொடங்கும் எட்டுக் கலைத்தொழில்களில் முதலாவது. யாழ் நரம்புகளை அளவறிந்து கட்டுவது. தந்திக்கும் நரம்பு, செவிக்கும் நரம்பு! பண், பண்படுத்து, பண்ணை எல்லாமே ஒரே வேர் என்பேன்.

மின்னணுப் பொறியாளர்:
ஐயா, பண்ணை வரை போக வேண்டாம். யாழில் நரம்பை முறுக்கினால் சுருதி மாறும். இங்கே சுருதியைத் தீர்மானிப்பது மின்முனை இருக்கும் இடம்: காக்ளியாவின் வாசல் பக்கத்து அடிச்சுற்றில் கீச்சொலி, உச்சியில் கட்டை ஒலி. மேப்பிங்கில் நாம் தொடுவது பெரும்பாலும் உரப்பை, அதாவது சத்தத்தின் அளவை. மேலும் ‘பண்ணல்’ என்று அச்சிட்டால் ‘இன்னும் பண்ணல’ என்றே படிப்பார்கள். ‘ஒலிவரம்பு அமைத்தல்’ என் பரிந்துரை.

தமிழாசிரியர்:
வரம்பு நல்ல சொல், வயலுக்கும் அதுதான். ஆனால் ‘ஒலி’ பிழை. ‘கேள்வரம்பு’ என்க.

கேட்பியல் வல்லுநர்:
‘கேள்வரம்பு’ என்றதும் கேள்விக்கு வரம்பா என்று கேட்பார்கள். அட்டையில் நாங்கள் எழுதித் தருவது ‘மேப்பிங்’தான். அந்தச் சொல் கையேட்டில் இல்லாவிட்டால் அடுத்த தேதியைத் தவறவிடுவார்கள்.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
எனக்கு ‘ஒலிவரம்பு’தான் சரியாகப் படுகிறது. முதல் இடத்தில் ‘மேப்பிங் எனப்படும் ஒலிவரம்பு அமைத்தல்’, பிறகு ‘ஒலிவரம்பு’ என்று அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
அச்சுக்கு அனுப்புங்கள், தடுக்கவில்லை. உடன்பாடு மட்டும் இல்லை. அதே ஒலி, அதே மின்முனை, இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு வரம்பு என்றால் அந்த வரம்பு ஒலிக்கு உரியதே அல்ல. கலைச்சொல் பட்டியலில் ‘கேள்வரம்பு’ம் இருக்கட்டும்.