உதவி: பகலில் விரியாத ஆரஞ்சு நிறப் பவளம் – என்ன இனம், எப்படி உணவூட்டுவது?

கேள்வி:
வணக்கம். ஆறு வாரங்களுக்கு முன் பெயர் தெரியாமல் வாங்கிய பவளம் ஒன்று என் கடல்நீர்த் தொட்டியில் இருக்கிறது. விரல் நுனி பருமனுள்ள குட்டையான ஆரஞ்சுக் குழாய்கள், ஏறத்தாழ இருபது, ஒரே அடித்தளத்தில் நெருங்கி நிற்கின்றன. வெளிச்சம் போதவில்லையோ என்று கருதி, விளக்குக்கு நேர்கீழே உயரமான பாறையில் வைத்தேன். அப்படியும் அது விரிந்து ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை. இப்போது குழாய்களுக்கு இடையிலுள்ள சதை மெலிந்து, இரண்டு இடங்களில் வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு தெரிகிறது. நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். மற்ற பவளங்கள் நலமாகவே உள்ளன. இதைக் காப்பாற்ற முடியுமா?

பதில்:
நீங்கள் சொல்லும் அடையாளங்கள் 'சன் கோரல்' எனப்படும் துபாஸ்ட்ரியாவுக்குப் பொருந்துகின்றன. நாம் வளர்க்கும் பெரும்பாலான பவளங்களின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி வாழ்ந்து, ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துத் தருகிறது. துபாஸ்ட்ரியாவில் அந்தப் பாசி கிடையாது என்பதால், எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் அதன் பசி தீராது. ஆறு வாரங்களாக அது பட்டினி கிடந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். மூடியிருப்பதாலேயே இறந்துவிட்டதாகக் கருத வேண்டாம்.

முதலில் அதை நிழலான, நீரோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். வெளிச்சத்தில் விட்டால் வெறுங்கூட்டின்மேல் பாசி படர்ந்துவிடும். விளக்கு அணைந்தபின் பம்பை நிறுத்தி, உறைந்த மைசிஸ் இறாலைத் தொட்டி நீரில் இளகவிட்டு, அந்த நீரில் சில துளிகளைப் பவளத்தின்மேல் விடுங்கள். வாடை பட்டு அது திறக்க அரைமணி நேரம்கூட ஆகலாம், அன்றே திறக்காமலும் போகலாம். மறுநாள் இரவும் முயலுங்கள். திறந்தபின் ஒவ்வொரு குழாயின் வாய்க்கும் தனித்தனியே ஊட்ட வேண்டும், ஏனென்றால் இடைச்சதை அற்றுப்போன இடத்தில் ஒரு வாய் உண்டது அடுத்த வாய்க்குப் போய்ச் சேராது. தொட்டியில் இறால்கள் இருந்தால் வாயிலிருந்தே உணவைப் பிடுங்கிவிடும். அடியை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுத்து மேலே இருக்கும்படி பவளத்தின்மேல் வைத்து மூடிவிட்டு, அதன் கழுத்து வழியாகப் பிப்பெட்டால் (உறிஞ்சுகுழலால்) ஊட்டுங்கள்.

கேள்வி கேட்டவர், இரண்டு வாரங்களுக்குப் பின்:
மிக்க நன்றி. மூன்றாம் இரவில் நான்கு வாய்கள் திறந்தன. மஞ்சள் உணர்கொம்பில் இறால் பட்டதும் ஒட்டிக்கொள்ள, மற்ற கொம்புகள் மெல்ல மடிந்து அதை நடுவிலிருந்த வாய்க்குள் தள்ளியதைக் கண்டபோது என் கண்கள் நிறைந்துவிட்டன. இப்போது பதினைந்து வாய்கள் உண்கின்றன. ஆனால் தினமும் ஊட்டுவதால், உணவு மிச்சத்தால் நீரில் சேரும் நைட்ரேட் 5-இலிருந்து 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஆக ஏறிவிட்டது. ஊட்டுவதைக் குறைக்கலாமா?

பதில்:
தேறிவரும் நிலையில் உடனே பெரிதாகக் குறைக்க வேண்டாம். உறைந்த இறாலை வடிகட்டியில் இட்டுக் கழுவியபின் ஊட்டுங்கள்; பாட்டிலை எடுக்கும் முன், விழுந்து கிடக்கும் மிச்சத்தைப் பிப்பெட்டால் உறிஞ்சிவிடுங்கள்; வாராந்தர நீர் மாற்றத்தைச் சற்றுக் கூட்டுங்கள். வெள்ளைக்கூடு தெரிந்த இடங்களைச் சதை மறுபடி மூடத் தொடங்கியதும், ஒவ்வொரு வாய்க்கும் வாரம் மூன்று முறை ஊட்டினால் போதும்.