கிங்ஸ்ரனில் கல் வீடு வாங்க நினைக்கும் தங்கச்சிக்கு

அன்பான சங்க உறவுகளுக்கு வணக்கம்.

லண்டனில் இருந்து தங்கச்சி கேட்டிருந்த கேள்விக்கு மூன்று நாளாக எழுத நினைத்து இன்றைக்குத்தான் இருக்க நேரம் கிடைத்தது. தன் கணவருக்கு இங்கே, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் கிங்ஸ்ரனில், ஆஸ்பத்திரியில் வேலை சரிவந்துவிட்டது, இணையத்தில் பழைய நகரத்துக்குள் ஒரு சுண்ணக்கல் வீட்டைப் பார்த்து மனம் போய்விட்டது, வந்த கையோடு வாங்கிவிடலாமா என்பது கேள்வி. அதற்குள் ரொறன்ரோக்காரர் நாலைந்து பேர் "அங்கே பொழுது போகாது" என்று எழுதிவிட்டார்கள். பதினொரு வருடமாக நான் இங்கே இருக்கிறேன். எனக்குப் பொழுது காணாமல்தான் இருக்கிறது. கிங்ஸ்ரனுக்குத் தாராளமாக வாருங்கள், ஆனால் அந்த வீட்டை இப்போது வாங்காதீர்கள்.

2021 கணக்கெடுப்பின்படி இங்கே 132,485 பேர். ஒட்டாவாவுக்குக் காரில் இரண்டு மணித்தியாலம், ரொறன்ரோவுக்கு இரண்டரைக்கு மேல், மொன்றியலுக்கு ஏறக்குறைய மூன்று. ரயில் உண்டு, ஆனால் நிலையம் டவுண்ரவுனுக்கு வெளியே தள்ளி இருக்கிறது. நகர மண்டபம், சந்தை, நூலகம், பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, ஏரி எல்லாம் நடை தூரம். எங்கள் வீட்டுக் கார் கிழமைக்கு இரண்டு தரம் ஓடினால் அதிகம். நம் சாமான்களுக்கு மாதம் ஒருமுறை ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு ஓட்டம் இருக்கத்தான் செய்கிறது, அதில் மறைக்க ஒன்றுமில்லை.

உங்கள் கணவர் போகப்போவது கிங்ஸ்ரன் பொது ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு ஒரு கதை சொல்லிவையுங்கள். 1841இல் இந்த நகரம் அப்போதைய கனடா மாகாணத்தின் (இன்றைய ஒன்ராறியோவும் கியூபெக்கும் சேர்ந்தது) தலைநகரமானபோது நாடாளுமன்றத்துக்குக் கட்டிடம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிடம் கட்டி முடிந்து நோயாளிகள் இல்லாமல் கிடந்தது. முதல் நாடாளுமன்றம் அதற்குள்தான் கூடியது. தலைநகரத்தை இங்கே கொண்டுவந்த ஆளுநர் சிடனம் பிரபு அதே வருடம் குதிரையால் விழுந்து, அந்தக் காயத்தில் இறந்துபோனார். கிங் வீதியில் இருக்கும் சென் ஜோர்ஜ் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். தலைநகரம் என்ற நம்பிக்கையில் ஜோர்ஜ் பிரௌன் என்ற கட்டிடக் கலைஞர் பெரிய குவிமாடத்தோடு ஒரு நகர மண்டபம் வரைந்தார். அது 1844இல் முடிந்தது. அதே வருடம் தலைநகரம் மொன்றியலுக்குப் போய்விட்டது! இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய மண்டபம் என்று வருபவர்கள் எல்லாரும் கேட்பார்கள். காரணம் இதுதான். தலைநகரமாகவே இருந்திருந்தால் இந்தப் பழைய வீதிகளை எப்போதோ இடித்து உயரமாகக் கட்டியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

மண்டபத்துக்குப் பின்னால் உள்ள சதுக்கத்தில் 1801 முதல் சந்தை நடக்கிறது. கோடையில் சனிக்கிழமை காலையில் போனால் ஒரு மணித்தியாலத்துக்குள் தெரிந்த முகம் பத்தைப் பார்த்துவிடலாம். குளிர்காலத்தில் அதே இடத்தைப் பனிச்சறுக்குத் தளமாக்கிவிடுவார்கள்.

இனிக் கல் வீட்டுக்கு வருகிறேன். 1840இல் துறைமுகத்தை ஒட்டி ஒரு பெரிய தீ. அதற்குப் பிறகு மரத்தை விட்டுக் கல்லில் கட்டுவது கூடியது. கல்லுக்கு எங்கும் போகத் தேவையில்லை, நகரமே சுண்ணக்கல் பாறைக்கு மேல்தான் இருக்கிறது. பல இடங்களில் மண் கொஞ்சம்தான், கீழே பாறை. பழைய வீடுகளின் நிலவறைகளில் நிமிர்ந்து நிற்க முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் நிலவறையில் கணவர் பதினொரு வருடமாகக் குனிந்தபடிதான் நடக்கிறார். சித்திரையில் பனி கரையும்போது தரையில் தண்ணீர் கசியும். வீடு பார்க்க ஆடி மாதம் வந்தால் இது ஒன்றும் தெரியாது, எல்லாம் காய்ந்து வாசமாக இருக்கும்.

நாங்கள் ஆடியில்தான் பார்த்தோம்.

வாங்கின அடுத்த வருடம் முன்சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள சாந்து உதிர ஆரம்பித்தது. விரலால் சுரண்டினால் மா மாதிரிக் கொட்டும். மூன்று பேரிடம் விலை கேட்டோம். குறைவாகக் கேட்டவர் இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்றார், முடித்தும் தந்தார். பார்க்க நல்ல உறுதியாக, சாம்பல் நிறத்தில், கோடு பிடித்த மாதிரி இருந்தது. இரண்டு குளிர்காலம் போனது. பங்குனியில் ஒருநாள் வாசல் படியில் விரல் நகம் அளவுக்குக் கல் சில்லுகள் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தால் சாந்து அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றியிருந்த கல்லின் முகம் வெங்காயத் தோல் போல உரிந்துபோயிருக்கிறது.

பிறகு வந்த வயதான கொத்தனார் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீதியின் மறுபக்கம் நின்றே "சீமெந்து" என்று சொல்லிவிட்டார். விசயம் இதுதான். அந்தக் காலத்துச் சாந்து சுண்ணாம்பில் செய்தது, கல்லைவிட மென்மையானது. சுவருக்குள் போகும் ஈரம் அந்தச் சாந்து வழியாகத்தான் வெளியே வரும். சாந்து உதிரும், பல பத்து வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அந்தச் சுவர்களை அப்படித்தான் கட்டினார்கள். அதில் சீமெந்தைப் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, உறைந்து, விரிந்து, கல்லின் முகத்தைத் தள்ளிவிடும். இங்கே ஒரு குளிர்காலத்துக்குள் எத்தனை தரம் உறைந்து இளகும் என்று யோசித்துப் பாருங்கள். சீமெந்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைக்க ஒரு முழுக் கோடை போனது, முதலில் கொடுத்ததைப் போல நாலு மடங்கு காசும் போனது. உரிந்த கல் உரிந்ததுதான். இப்போதும் எங்கள் கதவுக்கு இடப்பக்கம் பார்த்தால் தெரியும்.

அனுமதி விசயமும் இருக்கிறது. பழைய சிடனம் பகுதி போல மரபுக் காப்பு வட்டாரத்துக்குள் உள்ள வீடு என்றால், ஒன்ராறியோ மரபுச் சட்டத்தின்படி யன்னல், கதவு, முன்பக்கம் என்று வெளியே தெரியும் மாற்றங்களுக்கு மாநகரசபையிடம் அனுமதி எடுக்கவேண்டும். வீட்டுக்கு உள்ளே பெரும்பாலும் உங்கள் விருப்பம். சிலர் இதைச் சிறைவாசம் மாதிரிச் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் நாங்கள் ஆசைப்பட்டு வந்த வீதியே இருக்காது. ஆனால் காற்று நுழையும் பழைய யன்னலோடு முதல் குளிர்காலத்தைக் கழிக்கும்போது இந்த நியாயம் நினைவுக்கு வராது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய மின்கம்பிகள் மாற்றியதா, வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாய் ஈயமா என்றும் கட்டாயம் கேளுங்கள். காப்புறுதிக்காரர் கம்பியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள்.

காற்று என்றதும் ஏரி. ஒன்ராறியோ ஏரி முடிந்து சென் லோறன்ஸ் ஆறு தொடங்கும் மூலையில் நாங்கள் இருக்கிறோம். தென்மேற்கில் இருந்து வரும் காற்று முழு ஏரியையும் கடந்துதான் இங்கே வந்து மோதுகிறது. 1976 ஒலிம்பிக்கை மொன்றியலில் நடத்தினாலும் பாய்மரப் படகுப் போட்டிகளை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். எதிரே தெரியும் வுல்ஃப் தீவில் 86 காற்றாலைகள் நிற்கின்றன. இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. கோடைப் பின்னேரத்தில் அந்தக் காற்று சொர்க்கம். வைகாசியில் 401 நெடுஞ்சாலைப் பக்கம் ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு திரிவார்கள், கரையில் நாங்கள் ஜாக்கெட்டோடு நிற்போம், ஏரித் தண்ணீர் அவ்வளவு மெதுவாகத்தான் சூடாகும். மாசியில் பிரின்செஸ் வீதியின் ஏரிப்பக்க முனையில் நின்று காற்று முகத்தில் படும்போது உங்களுக்கு என்மேல் கோபம் வரக்கூடும். ஆனால் இரவில் ஏரியின் பனி விரிசல் விடும் சத்தத்தைக் கேட்காமல் போய்விடாதீர்கள். ஆழத்தில் யாரோ பெரிய மேசையை இழுப்பது போல இருக்கும்.

தீவுக்குப் போகும் படகுக்குக் கட்டணம் இல்லை, இருபது நிமிடப் பயணம். விருந்தினர் வந்தால் நாங்கள் முதலில் செய்யும் வேலை அதுதான். திரும்பி வரும்போது நகர மண்டபத்தின் குவிமாடமும் அதன் முன்னால் தண்ணீருக்குள் நிற்கும் கோபுரமும் மெல்லப் பெரிதாகிக்கொண்டு வரும். கோடை வார இறுதியில் காரோடு போக நினைக்கவேண்டாம், வரிசை நீளம்.

பிள்ளைகள் நீந்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீந்தலாம். ஏரிக்கரையில் உள்ள கோர்ட் டவுனி பாலத்துறையில் கோடை முழுக்கப் பிள்ளைகள் குதிப்பார்கள், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் பெரிய மழை பெய்தால் இரண்டு நாள் பொறுங்கள். பழைய பகுதிகள் சிலவற்றில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன, குழாய் நிரம்பினால் ஏரிக்குள் வழியும். மரபு என்றால் நிலத்துக்குக் கீழேயும் மரபுதான்.

வேறு இரண்டு விசயம் சுருக்கமாக. பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெருக்களில் புரட்டாதி முழுக்க இரவுச் சத்தம் இருக்கும், சின்னப் பிள்ளைகளோடு அங்கே வாடகைக்கு எடுக்கவேண்டாம். குடும்ப வைத்தியர் கிடைப்பது இங்கே பெரும்பாடு, வந்த கிழமையே மாகாணத்தின் காத்திருப்புப் பட்டியலில் பெயரைக் கொடுங்கள். கணவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார் என்பதால் வரிசை குறையாது.

ஆகவே வாடகைக்கு வாருங்கள். ஒரு மாசியும் ஒரு சித்திரையும் இங்கே கழியட்டும். அந்தச் சித்திரையில் ஆசைப்பட்ட வீட்டின் நிலவறைக்கு இறங்கிப் பாருங்கள். மூக்குக்கும் காலுறைக்கும் ஈரம் படாவிட்டால் பிறகு விலை பேசலாம். அதுவரைக்கும் எங்கள் மேல்மாடி அறை இருக்கிறது, முதல் இரண்டு கிழமை எங்களோடு தங்கலாம்.

அப்புறம், அந்த வீட்டு விளம்பரத்தில் இருந்த முன்பக்கப் படத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள், சின்னதாக்காமல். கல்லுக்கு இடையில் உள்ள கோடு சாம்பல் நிறமா வெள்ளையா என்று பெரிதாக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கிங்ஸ்ரன் அக்கா